பனிச்சரிவுப் பாடமும் குரங்கணித் தீயும்

மதுரைக்காரர்களுக்கு ஆரப்பாளையம் என்றால் பஸ் ஸ்டாண்டுதான். சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் போகிறவர்கள் மாட்டுத்தாவணிக்குப் போவார்கள். மேற்கே மலைப்பக்கம் போகிறவர்கள் ஆரப்பாளையம் வருவார்கள். தேனி, பெரியகுளம், போடி, கம்பம், கொடைக்கானல் எல்லாம் இங்கிருந்துதான். போடிக்கு ரயிலும் இருந்தது. ஆனால் அகலப்பாதை வேலைக்காக 2010 டிசம்பர் 31ஆம் தேதியோடு மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். மறுபடி போடி வரை ரயில் போனது 2023 ஜூனில்! நடுவில் இருந்த பன்னிரண்டரை வருஷமும் போடிக்குப் பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை.

வைகைக்கும் அந்த மலைக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. குரங்கணி மலையில் பிறக்கும் கொட்டகுடி ஆறு தேனிப் பக்கம் வைகையில் சேர்கிறது. ஆரப்பாளையம் ஓரமாக ஓடும் தண்ணீரில் (ஓடும்போது!) குரங்கணித் தண்ணீரும் கொஞ்சம் உண்டு.

அந்தக் குரங்கணியில் 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஏறத்தாழ நாற்பது பேரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. அன்றும் அதற்குப் பின் வந்த வாரங்களில் ஆஸ்பத்திரிகளிலுமாக 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். வேலைக்குப் போகிறவர்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள், சனி ஞாயிறு லீவில் மலை பார்க்க வந்தவர்கள்.

இந்தக் கட்டுரை அந்தத் தீயைப் பற்றியது. கூடவே தமிழ்நாட்டில் யாரும் பார்த்திராத பனிச்சரிவைப் பற்றியதும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. வேடிக்கைக்காக மலையேறுகிற சாதாரண ஆளுக்கு ஆபத்தைப் படிக்கக் கற்றுக்கொடுக்க முடியுமா என்ற கேள்விக்கு, உலகத்தில் அதிக காலம் பதில் தேடியவர்கள் பனிச்சரிவுக்காரர்கள்தான்.

தேயிலை போட்ட பாதை

முதலில் குரங்கணிப் பாதை எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். இது டூரிஸ்டுகளுக்காகப் போட்ட பாதை இல்லை. மூணாறுப் பக்கம் வெள்ளைக்காரர்கள் தேயிலைத் தோட்டம் போட்டபோது, விளைந்த தேயிலையை வெளியே கொண்டுபோக வழி வேண்டியிருந்தது. 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஒன்றை ஓட்டினார்கள். இழுத்தது மாடு! 1908இல் அது சின்ன ரயில்பாதையாக மாறியது. அந்த ரயில் மலைவிளிம்பில் போய் நின்ற இடம்தான் டாப் ஸ்டேஷன். இன்றைக்கும் அதே பெயர்தான். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கீழே கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு வண்டியில் போடிக்குப் போகும். 1924 பெருவெள்ளம் (மலையாளிகள் இன்றும் '99 வெள்ளம்' என்று சொல்வது) அந்த ரயில்பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. தண்டவாளம் போனாலும் மலைக்கும் சமவெளிக்கும் நடுவிலான ஒற்றையடிப் பாதைகள் போகவில்லை.

அப்படிப்பட்ட இன்னொரு பாதை கொழுக்குமலைக்குப் போகிறது. கொழுக்குமலை சுமார் 7,900 அடி உயரத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டம். இருப்பது தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில். ஆனால் ஜீப் போக வேண்டுமென்றால் கேரளாவுக்குள் போய் சூரியநெல்லி வழியாகத்தான் ஏற வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கமிருந்து போக வேண்டுமானால் குரங்கணியிலிருந்து நடைதான். தோட்டத் தொழிலாளிகளும் சுமை தூக்குகிறவர்களும் காலகாலமாக நடந்த வழி அது. எந்த மாதத்தில் புல் காயும், காற்று எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. யாரும் பாடம் எடுத்து அவர்கள் கற்கவில்லை. அங்கேயே வாழ்ந்ததால் தெரிந்தது.

2000க்குப் பிறகு அந்தப் பாதையில் வேறு ஆட்கள் நடக்க ஆரம்பித்தார்கள். சென்னை, கோவை, பெங்களூரு ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். வெள்ளி ராத்திரி பஸ் ஏறினால் சனிக்கிழமை காலை மலையடிவாரம், திங்கட்கிழமை காலை மறுபடி ஆபீஸ். இன்டர்நெட்டில் குழு சேர்ந்தது. பாதை அதேதான். ஆனால் நடப்பவருக்கும் பாதைக்கும் நடுவில் இருந்த பழக்கம் மட்டும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை

மார்ச் 10, சனிக்கிழமை, இரண்டு குழுக்கள் கொழுக்குமலைக்கு ஏறின. ஒன்று சென்னையிலிருந்து வந்தது. மகளிர் தினத்தை ஒட்டிய பயணம் என்பதால் அதில் பெண்கள்தான் அதிகம். இன்னொன்று ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. ராத்திரி மேலே தங்கிவிட்டு, மறுநாள் குரங்கணியை நோக்கி இறங்கினார்கள். மத்தியானத்துக்கு மேல், பாதி வழியில், ஆளுயரத்துக்குக் காய்ந்து கிடந்த புல்வெளிச் சரிவில் தீ அவர்களை வந்து பிடித்தது.

தப்பித்தவர்கள் சொன்னதில் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: ஆளுக்கொரு திசையில் ஓடினோம். சிலர் மேலே ஓடினார்கள், சிலர் பள்ளத்தில் இறங்கினார்கள், சிலர் விழுந்தார்கள். முதலில் உதவிக்கு ஓடி வந்தவர்கள் குரங்கணிக்காரர்களும் மலைவாழ் மக்களும் தோட்டத் தொழிலாளிகளும். போர்வையில் டோலி கட்டி, இருட்டில், அந்தச் சரிவில் ஆட்களைத் தூக்கி இறக்கினார்கள். மறுநாள் விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் வந்தன. போடி, தேனி ஆஸ்பத்திரிகளிலிருந்து தீக்காயம் அதிகமானவர்களை மதுரைக்குக் கொண்டுவந்தார்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் தனியார் ஆஸ்பத்திரிகளிலும் அடுத்த சில வாரங்கள் ஒவ்வொருவராக இறந்த செய்தி வந்துகொண்டே இருந்தது.

உடனே தமிழ்நாடு முழுக்க ஒரே பேச்சு: அனுமதி வாங்கினார்களா, இல்லையா? அந்தப் பாதைக்கு அனுமதி இல்லை என்றது வனத்துறை. சோதனைச்சாவடியில் பணம் கட்டி ரசீது வாங்கினோம் என்றது குழுத் தரப்பு. அரசு மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ராவை விசாரணை அதிகாரியாகப் போட்டது. அனுமதி முக்கியமான கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் அனுமதிச் சீட்டு கையில் இருந்தால் தீ விலகிப் போகுமா? அன்று அந்தச் சரிவில் நின்றவர்களுக்கு வேண்டியிருந்தது வேறு. இந்தப் புல் எவ்வளவு வேகமாக எரியும்? மேலே ஓடலாமா, கூடாதா? எந்த இடம் பத்திரம்? இதை அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்? அந்தக் கேள்வி அன்று பெரிதாக எழவே இல்லை.

பனி விழாத ஊரும் பனிச்சரிவும்

இங்கேதான் பனிச்சரிவு வருகிறது. நமக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில் சோனம் காவல்நிலையின் மேல் பனி சரிந்து மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் புதைந்தார்கள். அதில் நான்கு பேர் தமிழ்நாடு. ஒருவர் மதுரை மாவட்டம் சொக்கத்தேவன்பட்டி, ஒருவர் தேனி மாவட்டம் குமணன்தொழு. ஆறாவது நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை (கர்நாடகம்) உயிரோடு எடுத்தார்கள். நாடே கும்பிட்டது. பிப்ரவரி 11 அன்று அவரும் போய்விட்டார்.

பனிச்சரிவு என்பது பெரும்பாலும் மேலிருந்து ஏதோ உருண்டு வருவது இல்லை. பனி அடுக்கடுக்காகப் படிகிறது. அடியில் ஒரு அடுக்கு பலவீனமாக, சர்க்கரை மாதிரி உதிரியாக இருந்தால், மேலே இருக்கும் பலகை போன்ற கெட்டிப் பனி எப்போது வேண்டுமானாலும் வழுக்கலாம். அதற்கு ஒரு ஆள் மேலே நடந்தாலே போதும். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் இது அதிகம். மலையில் விளையாடப் போய் இப்படிச் செத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில், சரிவைக் கிளப்பிவிட்டது அவர்களோ அவர்களுடைய கூட்டாளிகளோதான். ஆக, பெரும்பாலும் அது தலைவிதி அல்ல. எங்கே கால் வைக்கிறோம் என்ற தீர்மானம். தீர்மானம் என்றால் கற்றுக்கொடுக்கலாம், இல்லையா?

இதை உலகம் மெதுவாகத்தான் புரிந்துகொண்டது. முதலில் புரிந்துகொண்டவை ராணுவங்கள். முதல் உலகப் போரில் ஆல்ப்ஸ் மலையில் இத்தாலியும் ஆஸ்திரியாவும் சண்டை போட்டபோது, குண்டுக்குச் சமமாகப் பனியும் கொன்றது. 1916 டிசம்பர் 13 அன்று மர்மொலாடா மலையில் ஒரு படைமுகாமை ஒரே சரிவு மூடியதில் சுமார் 270 பேர் இறந்தார்கள். பிறகு சுவிட்சர்லாந்து 1936இல் டாவோஸ் ஊருக்கு மேலே பனி ஆராய்ச்சிக் கூடம் வைத்தது. 1945 முதல் அந்த ஆராய்ச்சி நிலையமே பனிச்சரிவு அறிக்கையை வெளியிட்டது. அமெரிக்காவில் போருக்குப் பிறகு யூட்டா மாநிலத்தின் ஆல்டா என்ற பனிச்சறுக்கு ஊரில் மான்டி ஆட்வாட்டர் என்ற முன்னாள் படைவீரர் வனத்துறைக்காகப் பனிச்சரிவு வேலையைத் தொடங்கினார். பீரங்கியால் சுட்டு, ஆள் இல்லாதபோதே பனியைச் சரியவைப்பது வரைக்கும் போனார்! இந்தியாவில் இதற்கென்று ஒரு ராணுவ ஆராய்ச்சி நிறுவனம் 1969இல் மணாலியில் வந்தது. இவையெல்லாம் படைக்கும் பணியாளர்களுக்குமான ஏற்பாடுகள்.

வேடிக்கைக்குப் போகிறவனுக்கு வந்த முதல் பெரிய வரம் ஒரு கருவி. 1968இல் ஜான் லாட்டன் என்பவர் செய்த சின்ன ரேடியோ பெட்டி. குழுவில் எல்லோரும் உடம்போடு கட்டிக்கொள்ள வேண்டும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் பெட்டியைக் 'கேட்கும்' நிலைக்கு மாற்றி, சத்தம் எங்கே கூடுகிறது என்று பார்த்துத் தோண்ட வேண்டும். இதில் முக்கியமானது நேரம். 1994இல் வந்த ஒரு ஆய்வின்படி, 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிடம் ஆகிவிட்டால் பத்தில் மூன்று பேர். 2024இல் வந்த சுவிஸ் ஆய்வு அந்த 15 நிமிடத்தையும் 10 என்று குறைத்துவிட்டது. ஹெலிகாப்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால் பக்கத்தில் நிற்கிற நண்பன்தான் மீட்புப்படை. அவனுக்குத் தோண்டத் தெரிய வேண்டும்! இந்த ஒரு உண்மையால்தான், பயிற்சி என்பது தலைவருக்கு மட்டும் போதாது, வருகிற ஒவ்வொருவருக்கும் வேண்டும் என்ற முடிவுக்கு அங்கே வந்தார்கள்.

பள்ளிப் பிள்ளைகள் ஏழு பேர்

இன்று கனடாவில் சாதாரண ஆட்களுக்கு நடக்கும் இரண்டு நாள் வகுப்புகளுக்கு இன்றைய வடிவம் கிடைத்ததற்குப் பின்னாலும் ஒரு துக்கம் இருக்கிறது. 2003 பிப்ரவரி 1 அன்று ரோஜர்ஸ் பாஸ் பகுதியில் பனிச்சறுக்கில் போய்க்கொண்டிருந்த ஒரு பள்ளிக் குழுவின் மேல் பனி சரிந்தது. 14 மாணவர்கள், 3 பெரியவர்கள். மாணவர்களில் 7 பேர் இறந்தார்கள். அதற்குப் பன்னிரண்டு நாள் முன்புதான் அதே மலைத்தொடரில் வேறொரு சரிவு 7 பேரைக் கொன்றிருந்தது.

குரங்கணியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இடம் இது. கனடாவிலும் யார் பொறுப்பு என்ற சண்டை நடந்தது, பெற்றோர்கள் கேள்வி கேட்டார்கள், கட்டுப்பாடும் வந்தது. தேசியப் பூங்காக்களில் சிறுவர்களை அழைத்துப்போகும் குழுக்களுக்குக் கடுமையான விதிகள் போட்டார்கள். ஆனால் அதோடு நிற்கவில்லை. 2004இல் பொதுமக்களுக்கான பனிச்சரிவு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. பாதைகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: எளிது, சவாலானது, சிக்கலானது. கவனியுங்கள், இது கால் வலிக்குமா என்ற கணக்கு இல்லை. பனி சரிந்தால் இந்த இடத்தில் நிற்பவன் எவ்வளவு மாட்டிக்கொள்வான் என்ற கணக்கு. சமதரையில் சொகுசாக நடக்கும் வழி கூட, மேலே பெரிய சரிவு இருந்தால் 'சிக்கல்' பட்டியலில் வரும். 2006இல் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். அன்றைய ஆபத்து நிலை ஒரு பக்கம், பாதையின் வகை இன்னொரு பக்கம், இரண்டையும் சேர்த்துப் பார்த்துப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய.

இன்னொரு திருப்பமும் அதே காலத்தில் வந்தது. அமெரிக்காவில் இயன் மெக்காமன் என்பவர் எழுநூற்றுக்கு மேற்பட்ட பழைய விபத்துகளை எடுத்துப் படித்தார். பயிற்சி எடுத்தவர்களும் செத்திருந்தார்கள்! அறிவு இல்லாமல் இல்லை, ஆபத்துக்கான அடையாளங்கள் கண்முன் இருந்தும் போயிருக்கிறார்கள். ஏன்? பழகிய இடம்தானே என்ற நினைப்பு. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற பிடிவாதம். கூட வந்த அனுபவசாலி பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை. மற்றவர்கள் போகிறார்களே என்ற தைரியம். 'வேண்டாம்' என்று சொன்னால் கூட்டத்தில் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். இதற்குப் பிறகு வகுப்புகளில் பனியைப் பற்றிய பாடத்தோடு மனிதனைப் பற்றிய பாடமும் சேர்ந்தது. குழுவில் புதிதாக வந்த கடைசி ஆள் 'திரும்பலாம்' என்று சொன்னாலும் திரும்ப வேண்டும் என்பது அதில் ஒன்று. நம் ஊர்க் குழுக்களுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளத் தகுந்தது.

பயிற்சி சர்வரோக நிவாரணி என்று யாரும் சொல்லவில்லை. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகண்டின் திரௌபதி கா தண்டா சிகரத்தில் நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிக் குழுவே பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் கிடைத்தன, இரண்டு பேர் கிடைக்கவே இல்லை. இறந்தவர்களில் அதே ஆண்டு எவரெஸ்ட் ஏறிய சவிதா கன்ஸ்வாலும் ஒருவர், பயிற்றுநராகப் போனவர். இருந்தாலும் பெரிய கணக்கில் பார்த்தால், அமெரிக்காவில் பனிமலைக்குப் போகிறவர்கள் 1990களிலிருந்து பல மடங்கு பெருகியும் இறப்பு அந்த அளவுக்குப் பெருகவில்லை. அறிக்கையும் வகுப்பும் சும்மா போகவில்லை.

தீயும் சரிவும்

சரி, குரங்கணிக்குத் திரும்புவோம். பனியைப் போலவே தீக்கும் சரிவு முக்கியம். காட்டுத்தீ அணைப்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. சரிவு 10 டிகிரி கூடினால் மேல்நோக்கிப் போகும் தீயின் வேகம் இரண்டு மடங்காகும். 20 டிகிரியில் நான்கு மடங்கு. காரணம் சுலபம். தீயின் நாக்கு மேலே இருக்கும் புல்லைத் தொடுவதற்கு முன்பே அதைக் காயவைத்துச் சூடேற்றிவிடுகிறது. கூடவே பகலில் வெயில் பட்ட மலை சூடாகி, பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேலே ஏறும். ஆனால் மனிதன்? சரிவு கூடக் கூட அவன் வேகம் குறைகிறது. தீக்கும் ஆளுக்கும் நடக்கும் ஓட்டப்பந்தயத்தில் மலை தீயின் பக்கம். மலையிடுக்குகள் இன்னும் மோசம், புகைபோக்கி மாதிரி தீயை இழுக்கும்.

இதிலும் ஒரு பழைய துக்கம் உண்டு. 1949 ஆகஸ்ட் 5, அமெரிக்காவின் மொன்டானா மாநிலம், மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கு. விமானத்திலிருந்து குதித்துத் தீயணைக்கும் வீரர்கள் 15 பேரும் ஒரு வனக்காவலரும் செங்குத்தான புல்சரிவில் மாட்டிக்கொண்டார்கள். கீழேயிருந்து தீ துரத்தியது. எல்லோரும் மேலே ஓடினார்கள். தலைவர் வாக்னர் டாட்ஜ் திடீரென்று நின்று, தன் முன்னால் இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்தார்! எரிந்து முடிந்த சாம்பலுக்குள் படுத்துக்கொண்டு மற்றவர்களையும் கூப்பிட்டார். பெரிய தீ சாம்பலைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது, அவர் பிழைத்தார். ஆனால் யாரும் அவர் பின்னால் போகவில்லை. பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். 13 பேர் இறந்தார்கள். அப்படி ஒரு வழி இருப்பதாக அந்த வீரர்களுக்கு அதற்கு முன் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. தீ துரத்தும்போது புதுப் பாடம் மண்டையில் ஏறாது.

(இதைப் படித்துவிட்டு யாரும் காட்டில் தீ வைக்க வேண்டாம். அது தொழில்முறை வீரனின் கடைசி வழி.)

அதற்குப் பிறகுதான் 1957இல் அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களுக்குப் பத்துக் கட்டளைகள் வந்தன. 1991இல் பால் கிளீசன் என்ற தீயணைப்பு வீரர் அதை நான்கு விஷயமாகச் சுருக்கினார்: தீயைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு ஆள், எல்லோருக்கும் தகவல் போகும் வழி, தப்பிக்கும் பாதை, பத்திரமான இடம். இந்த நான்கையும் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டுதான் சரிவில் இறங்க வேண்டும். பத்திரமான இடம் என்பது ஏற்கனவே எரிந்து கறுத்த நிலமாக இருக்கலாம், வெறும் பாறையாக இருக்கலாம், அகலமான ஓடையாக இருக்கலாம். இதற்குப் பட்டம் வேண்டாம். கொழுக்குமலையில் ராத்திரி தங்கும்போது அரைமணி நேரத்தில் சொல்லிவிடலாம். இன்னொன்று, மலையேறுகிறவர்கள் போடும் பாலியஸ்டர், நைலான் துணிகள் சூட்டில் உருகித் தோலில் ஒட்டும். பருத்தி அப்படி உருகாது. பனிக்காலத்தில் மலை ஏறுகிறவனிடம் பருத்தி போடாதே என்பார்கள், ஈரமானால் குளிரில் கொன்றுவிடும் என்று. நம் ஊர் மார்ச் மாதத்துக்கு அந்தப் புத்தக அறிவுரையே தலைகீழ்!

இறந்தவர்களைக் குறை சொல்வதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. அவர்களுக்கு இதைச் சொல்லித்தரும் இடம் தமிழ்நாட்டில் இருந்ததா? மலையேறக் கற்றுக்கொடுக்கும் பெரிய நிறுவனங்களான டார்ஜிலிங்கும் (1954) உத்தரகாசியும் (1965) இமயமலையில் இருக்கின்றன. அங்கே முக்கியப் பாடம் பனியும் பாறையும். மேற்குத் தொடர்ச்சி மலையின் காய்ந்த புல்லைப் பற்றிய பாடம் மலையடிவாரத்து மக்களின் தலையில் இருந்தது. அது பாடமாக மாறவே இல்லை.

பிறகு வந்த விதிகள்

குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாடு அரசு 2018இலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த விதிகள் கொண்டுவந்தது. வனத்துறை அனுமதி, வழிகாட்டி எல்லாம் கட்டாயமானது. பல பாதைகள் வருஷக்கணக்கில் மூடியே கிடந்தன. பிறகு 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' என்ற திட்டம் வந்தது. 40 பாதைகள், ஆன்லைனில் பதிவு, மலைவாழ் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே வழிகாட்டிகளாக வைப்பது. பட்டியலில் குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகும் பாதையும் உண்டு. தீக்காலம் என்று 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை எல்லாவற்றையும் மூடினார்கள். மார்ச் 11 அதற்குள் வந்துவிடுகிறது.

இதில் மிக நல்ல விஷயம் வழிகாட்டிகள். அந்த மண்ணில் பிறந்தவர்களின் அறிவுக்குச் சம்பளம் கிடைக்கிறது, அதுவே பெரிய மாற்றம். ஆனால் எளிது, மிதம், கடினம் என்று பாதைகளுக்குப் போட்டிருக்கும் பெயர்களைப் படிக்கிற ஆளுக்குத் தோன்றுவது தன் முழங்காலைப் பற்றித்தான். கனடாக்காரர்கள் போல, ஆபத்து வந்தால் இந்த வழியில் ஒதுங்க இடம் உண்டா என்பதை அது சொல்வதில்லை. தீ எச்சரிக்கையும் இருக்கிறது. இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004இலிருந்தே செயற்கைக்கோள் பார்த்துத் தீ எங்கே என்று வனத்துறைகளுக்குச் சொல்லிவருகிறது. பதிவு செய்துகொண்டால் பொதுமக்களுக்கும் எஸ்.எம்.எஸ். வரும். மலையேறுகிறவர்களில் எத்தனை பேர் பதிவு செய்திருப்பார்கள்?

பன்னிரண்டு பேர் போகும் குழுவில் ஒரு வழிகாட்டிக்கு எல்லாம் தெரிந்திருக்கலாம். புகை சூழ்ந்து, ஆளுக்கொரு திசையில் சிதறிய அடுத்த நிமிஷம் அவர் ஒரு ஆளோடுதான் இருப்பார். மீதிப் பதினோரு பேரும் தங்களுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் ஓட வேண்டும், எரிந்த தரையை நோக்கியோ, மேட்டை நோக்கியோ.